கருங்கல் எனும் பெயர்: வன்னிப் பழம்பாறைகளின் பெயரீடு பற்றிய ஒரு மதிப்பீடு

பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் பகுத்த நன்னூலார், அவ்விரண்டையும் பொதுவென்றும் சிறப்பென்றும் மேலும் வகுத்தார். சொல்லிலக்கணத்துக்கென அமைந்த இப்பாகுபாடு, புவிச்சரிதவியலார் பாறைகளுக்கு இட்ட பெயர்களை மதிப்பிடுதற்கும் ஏற்ற அளவுகோலாகும். பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராகக் கொள்ளுதல் ஒரு குற்றம். ஒருகாலத்திற் கருதப்பட்ட காரணத்தைப் பெயரிலே பதித்துவைத்துப் பின் அதனைக் களையமாட்டாது இடர்ப்படுதல் மற்றொரு குற்றம். ஈழத்துப் பழம்பாறைகளின் பெயர் வரலாற்றில் இவ்விரண்டும் உள. இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூநகரியில் வளரும் மாணவன் தன் ஊரிலே பழம்பாறையைக் காண்பதில்லை. அவன் காண்பன மணலும் களியும் உவர்நிலமுமே. அவற்றின்கீழ் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் உளது. பழம்பாறை அதற்கும் கீழே கிடக்கின்றது. தெற்கே வவுனியாவை நோக்கிச் செல்வோர்க்கே அது நிலத்தின்மேல் வெளிப்படும். ஆதலின் பூநகரி மாணவன் பாறையை அறிவது பெரும்பாலும் தெருவுக்கு இடுங் கல்லின் வாயிலாகவே. அத்தகைய கல்லொன்றை வகுப்புக்குக் கொணர்ந்த மாணவனொருவன், "ஐயா, இது கருங்கல். கருங்கல் தீப்பாறை என்று நூல் சொல்கிறது. தீப்பாறையில் இப்படி வரிவரியாய் ஓடுமா?" என வினவினான். வினா நேரியது. அவனை மயக்கியது கல்லன்று, பெயரேயாகும்.

கருங்கல் என்பது நிறம்பற்றி வந்த காரணப்பெயர். வழக்கிலே அது பொதுப்பெயர். அம்மியும் ஆட்டுக்கல்லும் கோயிற்றூணும் எப்பாறையில் அமைந்தாலும் மக்கள் அவற்றைக் கருங்கல்லென்றே கூறுவர்; அதிற் பிழையில்லை. கலைச்சொல் ஆக்கியோர் இப்பொதுப்பெயரைக் 'கிரனைற்று' எனும் ஒரு தனியினத்துக்குச் சிறப்புப்பெயராக்கியதே பிழையாயிற்று. கிரனைற்றுக்குக் கருமை இலக்கணமன்று. அது பெரும்பாலும் வெண்சாம்பல் நிறமோ இளஞ்சிவப்போ உடையது. சுவிற்சர்லாந்து அறிஞர் ஸ்ட்ரெக்கைசன் முன்னின்று வகுத்து, அனைத்துலகப் புவிச்சரிதவியலார் ஏற்ற பாகுபாட்டின்படி, குவார்ட்சும் இருவகைப் பெல்சுபாரும் சேர்ந்த தொகையிற் குவார்ட்சு நூற்றுக்கு 20 முதல் 60 வரை இருத்தல் வேண்டும். பெல்சுபாரிற் காரவகை நூற்றுக்கு 35 முதல் 90 வரை இருத்தல் வேண்டும். காரவகை அதனிற் குறைந்தால் கிரனோடயோரைற்று முதலிய வேறு பெயர்கள் வரும். இங்கே அளக்கப்படுவது கனியங்களின் விகிதம், நிறமன்று. அம்மாணவன் கொணர்ந்த வரியோடிய கல்லோ, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைசுப்பாறை. அது மக்கள் வழக்கிற் கருங்கல்; நூல் வழக்கிற் கிரனைற்றன்று.

பெயரிலே கொள்கையைப் பதியாதுவிடுவதன் நன்மைக்குச் சார்னொக்கைற்று எனும் பெயர் சான்று. கிழக்கிந்தியக் கம்பனியின் முகவராயிருந்த யோப் சார்னொக்கின் கல்லறை கல்கத்தாவில் உளது. அதன்மேல் வைத்த கல் சென்னையை அடுத்த பல்லாவரப் பகுதிப் பாறையினத்தது. அதனை ஆராய்ந்த தோமஸ் ஹொலண்ட் 1893இல் அவ்வினத்துக்கு இறந்தவர் பெயரையே இட்டார். பாறையின் இயல்புக்கும் சார்னொக்குக்கும் யாதொரு தொடர்புமின்மையின் இஃது இடுகுறிபோல்வதே. ஹொலண்ட் இப்பாறை உருகிய குழம்பாய்த் தலையிட்டு இறுகியது எனக் கொண்டார். பின்வந்தோர், முன்பிருந்த நைசுப்பாறை தன்னிடத்திலேயே சார்னொக்கைற்றாக மாறியமையையும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்டு காட்டினர். கொள்கை விரிந்தும் பெயர் நிலைத்தது. ஏனெனிற் பெயர் கொள்கையைச் சுமக்கவில்லை.

இலங்கைப் பெயர்களுக்கு வருவோம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள ஆய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, காலித்துறைப் பாறைகளை ஆராய்ந்து 1902இலேயே அவற்றுக்கு அவ்விடப்பெயரை இட்டிருந்தார். கோட்ஸ் என்பார் 1935இல் எழுதிய நூலில் வன்னி நைசு, பிந்தன்னை நைசு எனும் பெயர்கள் வருகின்றன. இவை இடத்தையும் இனத்தையுமே கூறுவன; ஆதலின் நல்ல பெயர்கள். பின்னர் உயர்நிலத் தொடர், விஜயன் தொடர் என்பன வழங்கலாயின. வன்னிப் பாறைகள் மேற்கு விஜயன் எனப்பட்டன. இங்கே இரு குறைகள் உள. விஜயன் என்பது இடப்பெயருமன்று, இனப்பெயருமன்று. மகாவம்சங் கூறும் மன்னனொருவன் பெயர். அது இடுகுறியென அமையலாம். 'தொடர்' என்பதோ அமையாது. தொடரெனின் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்த வரிசை என்பது கருத்து. அடையற்பாறையிற் கீழ்ப்படை மூத்தது, மேற்படை இளையது. தலையீட்டுப் பாறைக்கு இவ்விதி செல்லாது. அது கீழிருந்து மூத்த பாறையைப் பிளந்து உட்புகுவது. வெட்டுவது இளையது, வெட்டுண்டது மூத்தது என்பதே அதற்குரிய விதி. 1983இல் வெளிவந்த வட அமெரிக்கப் படையியல் நெறிநூல் இத்தகைய பாறைகளுக்கு வேறோர் அலகு முறையை வகுத்து, பல்வகைப் பாறைகள் பிணைந்து கிடப்பனவற்றைத் தொகுதியெனப் பெயரிடச் செய்தது.

1991இல் குரோனர், கூரே, விதானகே ஆகிய மூவரும் இலங்கையின் பாகுபாட்டைத் திருத்தி, தொடரென்பதை நீக்கித் தொகுதியென்பதை ஏற்றனர். மேற்கு விஜயனைப் பிரித்து வன்னித் தொகுதி என்றனர். இது பாராட்டுக்குரிய திருத்தம். ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிரிவுக்கு ஆதாரமாய் நின்றது நியோடிமியம் சமதானிகளால் மதிப்பிட்ட வயது. உயர்நிலப் பாறைகளுக்கு அது 200 முதல் 300 கோடி ஆண்டு. வன்னிப் பாறைகளுக்கு 100 முதல் 200 கோடி ஆண்டு. இது பாறையின் மூலப்பொருள் புவியின் உட்பகுதியினின்று பிரிந்த காலத்தைச் சுட்டுவதேயன்றி, பாறை இறுகிய காலத்தைச் சுட்டுவதன்று. அது உருமாறிய காலமோ ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரு கல்லுக்கே மூன்று வயது கூறலாமாயின், பிரிவுக்கு எவ்வயதைக் கொண்டோமென வெளிப்படக் கூறுதல் கடனன்றோ? கண்ணாற் காணவியலாத எல்லையைக் கோடாக வரைந்து மனனஞ் செய்விப்பது அறிவியற் கல்வியாகாது.

புத்தளத்தைச் சார்ந்த தோணிகலைக் கிரனைற்று எனும் பெயரை நல்ல பெயரீட்டுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வன்னித் தொகுதியைச் சேர்ந்த அவ்விளஞ்சிவப்புப் பாறையைக் கூரே 1971இல் தனியே ஆராய்ந்தெழுதினார். பெயரின் முற்பகுதி இடம், பிற்பகுதி இனம். அது தொலைவினின்று வந்து தலையிட்டதா, அவ்விடத்துப் பாறையே உருகித் தோன்றியதா என எத்துணை வழக்காடினும் பெயரை மாற்றவேண்டுவதில்லை.

ஆகவே யாம் வேண்டுவன இரண்டு. கருங்கல்லை மக்கள் வழங்கும் பொதுப்பெயராக விட்டு, சிறப்பினத்தைக் கிரனைற்று என்றே வழங்குக. தொடரென்பதை அடையற்பாறைக்கு நிறுத்தி, பழம்பாறைக்குத் தொகுதியென்க. பிறமொழிச் சொல் தமிழுக்கு இழுக்கென்பார்க்கு, திசைச்சொல்லையும் வடசொல்லையும் செய்யுட்குரியனவாக ஏற்றவர் தொல்காப்பியர் என்பதே விடை. கருங்கல்லைத் தீப்பாறையென எழுதியவனுக்குப் புள்ளியும், கையிலுள்ள கல்லின் வரியைக் கண்டு ஐயுற்றவனுக்குப் புள்ளியின்மையும் கிடைக்குமாயின், நாம் கற்பிப்பது பாறையையன்று, பெயரின் பிழையையே. பூநகரி மாணவன் கேட்ட வினாவை நம் பாடநூல்கள் இனியேனும் ஏற்றல் வேண்டும்.