அறுபத்தாறு நூல், ஒரு கதை

புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தேவாலய வாசலில் ஒரு தட்டு நிறையச் சிறு அட்டைகளை வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். அதில் விவிலியத்திலிருந்து ஒரு வசனம் அச்சாகியிருக்கும். அந்த வருஷத்துக்கு அதுதான் ‘வாக்குத்தத்தம்’. தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது பழகின விஷயம். சங்கத்திலுள்ள மற்றச் சமயத்து நண்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். எடுத்த அட்டை வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜ் கதவிலோ காலண்டர் ஆணியிலோ அடுத்த டிசம்பர் வரைக்கும் குடியிருக்கும்.

அப்படி அடிக்கடி கைக்கு வருகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். கடவுளின் எண்ணம் நன்மைக்கானதே என்று உறுதி சொல்கிற வசனம் அது. பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கும், வேலை தேடுகிறவருக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறோம். அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. அந்த வசனம் எதன் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது என்று எத்தனை பேர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்போம்?

அது ஒரு கடிதத்தின் நடு வரி. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளவயது அரசன் எகொனியாவையும் அரண்மனையாரையும் தச்சர், கொல்லர் போன்ற தொழிலாளரையும் தன் தேசத்துக்குக் கொண்டுபோனான். ஊரிலேயே தங்கிவிட்ட தீர்க்கதரிசி எரேமியா, அப்படிப் போனவர்களுக்கு எழுதின கடிதம் இது. கொண்டுபோய்க் கொடுத்த இருவரின் பெயர் முதற்கொண்டு அந்த அதிகாரம் சொல்கிறது. அந்தச் சமயத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: சீக்கிரம் திரும்பிவிடுவோம். அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷம் என்று ஆலயத்தில் நின்று கணக்கே கொடுத்துவிட்டார். அது முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியா அந்தப் பேச்சை உடைக்கிறார். இரண்டல்ல, எழுபது வருஷம். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனைத் தேடுங்கள், அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். இவ்வளவும் சொன்ன பிறகுதான் நம்முடைய அட்டை வசனம் வருகிறது. எழுபது வருஷம் என்றால், கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊரைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. அந்த நன்மை பேரப்பிள்ளைகள் காலத்தது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘யூ’ என்றால் ஒருவரா பலரா தெரியாது. தமிழில் தெரியும். சபைகளில் வழங்குகிற பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் ஒரு மனிதனிடம் பேசினால் ‘நீ’. மனிதன் கடவுளிடம் பேசினால் ‘நீர்’. ‘நீங்கள்’ என்று வந்தால் பலர். இன்றைக்கு நாம் எதிரே நிற்கிற ஒருவரையே மரியாதைக்கு ‘நீங்க’ என்கிறோம். அதனால் அட்டையில் ‘உங்களுக்கு’ என்று கண்டதும் தனக்கே சொன்னதாக ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்கிறோம். மரியாதைப் பன்மை செய்கிற வேலையைப் பாருங்களேன்! அங்கே கேட்டுக்கொண்டிருப்பது ஓர் ஆள் இல்லை, ஒரு ஜனம்.

இப்படிப் படிக்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? பழி முழுவதையும் சபையின் மேல் போடுவது நியாயமில்லை. ஆத்திசூடியிலும் கொன்றைவேந்தனிலும் எழுத்துக்கூட்டிப் படித்து, ஒற்றை வரியிலேயே முழு அறிவையும் வாங்கிக்கொள்ளப் பழகிய கூட்டம் நாம். பேருந்தில் எழுதியிருக்கிற குறளை, அதற்கு முந்தின குறள் எது என்று தெரியாமலே படித்துவிட்டு நம் நிறுத்தத்தில் இறங்கலாம். குறைவு ஒன்றும் இல்லை. குறள் தனித்தும் நிற்கும்படி எழுதப்பட்டது. விவிலியத்திலும் நீதிமொழிகள் அந்த இனத்து நூல்தான். வில்லங்கம் என்னவென்றால், கடிதத்தையும் சரித்திரத்தையும் புலம்பலையும்கூட அதே கண்ணால் படித்துவிடுகிறோம். அதற்கு வசன எண்களும் துணை. மூலத்தில் எண் கிடையாது. பிரெஞ்சு அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் இன்றைய வசன எண்கள் வந்தன. தேடி எடுக்க வசதிதான். ஆனால் எண் போட்ட கையோடு எரேமியாவும் குறளாகிவிட்டார்.

தமிழில் விவிலியம் வந்து சேர்ந்த விதமும் கொஞ்சம் விசித்திரம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1714இல் அச்சிடத் தொடங்கி 1715இல் முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719இல் இறந்துபோனார். மீதியை சூல்ட்ஸ் முடிக்க 1728 ஆயிற்று. அதாவது பதின்மூன்று வருஷம் தமிழ் வாசகரின் கையில் கதையின் முடிவு இருந்தது, முழு முன்கதை இல்லை. கபிரியேல் தூதன் மரியாளிடம் தாவீதின் சிங்காசனம் என்று பேசுகிறான். அந்தத் தாவீது யார் என்று புத்தகத்தில் தேடினால் அகப்படாது. அந்த வாசகர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரிய பொருள்.

ஆனால் அதே காலத்தில் விவிலியத்தை ஒரே கதையாகத் தமிழில் கட்டிக் காட்டினவர் ஒருவர் இருக்கிறார். வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 1726இல் வந்தது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். நாயகன் சூசை, அவர் வைத்த பெயரில் வளன். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசை வாய் திறந்து பேசிய ஒரு சொல்கூடக் கிடையாது. அவ்வளவு அடங்கின மனிதரைக் காப்பியத் தலைவராக்கியது ஏன்? என் ஊகம் இது. சூசை நிற்கிற இடம் இரண்டு ஏற்பாடுகளும் சந்திக்கிற வாசற்படி. பின்னால் தாவீதின் குலம், முன்னால் குழந்தை இயேசு. வளன் பிறப்பைச் சொல்லும் படலத்திலேயே தாவீது கோலியாத்தை வீழ்த்துகிற கதை வந்துவிடுகிறது. எகிப்துக்கு ஓடுகிற பயணத்தின் நடுவே யோசுவாவின் வெற்றி தனிப் படலமாக விரிகிறது. எகிப்திலிருந்து வெளியே வந்தவர்களின் கதையை எகிப்துக்கு உள்ளே போகிறவர்களின் வழியில் வைத்த அந்த இடத்தை நான் மிகவும் ரசித்தேன். மணிமேகலையும் பாரதமும் படித்தவர்களுக்குக் கிளைக்கதை புதிதல்ல. அந்தப் பழக்கத்தை முனிவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். குறையும் உண்டு. அவருக்கு வெற்றிகளில் மனம் லயித்த அளவு தோல்வியில் லயிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. காப்பியம் கேட்கிற வீரச்சுவை அப்படி.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) வேறு வழியில் போகிறது. ஜான் பனியனின் நூலைத் தழுவியதால், ஜனங்களின் சரித்திரம் ஒதுங்கி, ஓர் ஆன்மாவின் பயணம் முன்னால் நிற்கிறது. நமது அட்டைப் படிப்புக்கு இந்த மரபு நெருங்கின உறவு. இருந்தும் பிள்ளையவர்களுக்கு அது மட்டும் போதவில்லை. பனியனிடம் இல்லாத இயேசுவின் பாடுகளை ‘இரட்சணிய சரிதப் படலம்’ என்று உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். 3766 பாடல்களில் இன்றைக்கும் அதிகமாகப் படிக்கப்படுகிறவை அந்தச் சேர்ப்பில் உள்ளவைதாம். கதை இல்லாமல் யாத்திரை நடக்காது என்று கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது.

லெஸ்லி நியூபிகின் என்ற பேராயரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1936இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947இல் மதுரை-இராமநாதபுரத்துக்கும், 1965 முதல் 1974 வரை சென்னைக்கும் பேராயர். காஞ்சிபுரத்தில் இருந்த இளம் வயதில் வாரம் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் நற்செய்தியும் படித்திருக்கிறார். அந்த மண்டபத்தில் மகான்களின் வரிசையில் இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்குப் பூஜை நடக்கும். பெருந்தன்மையான செயல்தான். ஆனால் நியூபிகின் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு: இயேசுவை அவருடைய கதையிலிருந்து பிரித்து எடுத்தால், எந்தச் சுவரிலும் மாட்டலாம், சுவர் மாறாது. பிறகு இங்கிலாந்து திரும்பி, மேல்நாட்டுச் சபையும் தன் சுவரில் அப்படித்தான் மாட்டி வைத்திருக்கிறது என்று எழுதினார். அவருக்கு இந்த எண்ணம் உறுதிப்பட உதவியவர் ஓர் இந்து அறிஞர், சதுர்வேதி பத்ரிநாத். மதநூல்கள் எங்களிடம் வேண்டிய மட்டும் உண்டு, விவிலியம் அந்த வகையே இல்லை, உலக சரித்திரம் முழுமைக்கும் அது ஒரு விளக்கம் தருகிறது, உங்கள் மிஷனரிகள் இதை எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்ற கருத்தில் அவர் பேசினாராம். சபைக்கு வெளியே நின்றவர் சொல்லித்தான் சபைக்குள் இருந்தவர் கேட்கவேண்டியிருந்தது.

அந்தக் கண்ணோடு எரேமியாவின் கடிதத்துக்கு மறுபடி போகலாம். ஆதியாகமம் 11இல் பாபேல் கோபுரம், ஜனங்கள் சிதறுகிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே ஆபிரகாமின் அழைப்பு. அவர் குடும்பம் புறப்பட்டது கல்தேயர் தேசத்து ‘ஊர்’ என்ற ஊரிலிருந்து. அதுவும் பாபிலோனியப் பக்கம்தான். அங்கிருந்து கூப்பிடப்பட்டவரின் சந்ததி பல நூறு வருஷம் கழித்துக் கைதிகளாக அதே பக்கம் நடத்திச் செல்லப்படுகிறது. கதை தோற்றுப்போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது போல இருக்கிற நேரத்தில்தான், அங்கே வீடு கட்டு, அந்த ஊருக்காக வேண்டிக்கொள் என்று கடிதம் வருகிறது. தானியேல் 9இல் கிழவனான தானியேல் எரேமியாவின் எழுத்தைப் படித்து எழுபது வருஷத்தை எண்ணுகிறார். எஸ்றாவின் முதல் வசனம், எரேமியா சொன்னது நிறைவேறக் கோரேசு ராஜா கட்டளை போட்டதாகத் தொடங்குகிறது. புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம் சிதறிக் குடியிருக்கிற பரதேசிகளுக்கு எழுதப்பட்டு, ‘பாபிலோனில்’ இருக்கும் சபையின் வாழ்த்தோடு முடிகிறது. அது ரோமைக் குறிக்கும் என்பதே பெரும்பாலோர் கருத்து. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு படித்தால், வாக்குத்தத்தம் ஒரு வேலையோடு சேர்ந்து வருகிறது. நன்மை செய்வேன் என்று வாங்கிக்கொண்டு, நீ இருக்கிற நகரத்துக்கு என்ன செய்கிறாய் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. வெளிமாநிலத்தில் இரண்டு தலைமுறையாக இருந்தும், இந்த ஊர்ச் சாக்கடை யாருக்கோ என்று இருக்கிற நம்மில் சிலருக்கு இது உறைக்கும்.

எதிர்வாதமும் இருக்கிறது, லேசானது அல்ல. எல்லாவற்றையும் ஒரே கதை என்றால் அடங்காதவற்றை என்ன செய்வது? யோபு இஸ்ரவேலரே அல்ல. பிரசங்கி எந்தக் கதைக்கும் பிடிகொடுக்கமாட்டார். உன்னதப்பாட்டு காதலைப் பாடிவிட்டுப் போகிறது. யோசுவாவின் வெற்றியைக் கானானியர் பக்கம் நின்று படித்தால் ‘ஒரே கதை’ என்ற சொல்லே பயமுறுத்தும். ஜெயித்தவர்கள் எப்போதும் தங்கள் கதையை ஒரே கதை என்றுதான் சொல்வார்கள். யூதர்களின் வேதத்திலும் நம் பழைய ஏற்பாட்டு 39 நூல்கள்தாம், ஆனால் வரிசை வேறு. வழக்கமாக அச்சாகும் வரிசையில் அது நாளாகமத்தில், கோரேசு ஜனங்களைப் போகச் சொல்வதில் முடிகிறது. நம்முடையது மல்கியாவில், எலியா வருவான் என்ற எதிர்பார்ப்பில் முடிகிறது. ஆக, அடுக்குகிற கைக்கும் கதையில் பங்கு உண்டு. கத்தோலிக்கருக்கு அறுபத்தாறு அல்ல, எழுபத்துமூன்று. இதையெல்லாம் மறைத்துவிட்டு, படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, முடிவு என்று நாலு வார்த்தையில் கதையை அடக்கிக் கொடுக்கிற கைப்பிரதிகளும் எனக்குச் சம்மதமில்லை. அதுவும் ஒரு அட்டைதான், கொஞ்சம் பெரிய அட்டை.

எனக்குப் பிடித்த உவமையை ஆங்கில விவிலிய அறிஞர் என்.டி. ரைட் 1991இல் சொன்னார். ஐந்தாம் அங்கம் தொலைந்துபோன ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று கிடைத்தால், முதல் நாலு அங்கங்களில் ஊறின நடிகர்கள் மீதியைத் தாங்களே நடித்து முடிக்கவேண்டும் என்கிறார். ஷேக்ஸ்பியர் எதற்கு, நம் தெருக்கூத்தே போதும். பாட்டு எழுதியிருக்கும், நடுவில் வருகிற பேச்சை நடிகர் அன்றைக்குத்தான் கட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கிற ஊருக்கு ஏற்றபடி கட்டியங்காரன் பேசுவான். ஆனால் துகில் உரிகிற கட்டத்தில் பாஞ்சாலி சிரிக்க முடியாது. முழுக் கதையும் உடம்பில் இருப்பவனுக்குத்தான் அந்தச் சுதந்திரம். சீடத்துவம் என்று சபையில் சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு ஞாயிறு மாலை எரேமியா 27, 28, 29 மூன்றையும் ஒரே மூச்சில் சத்தமாகப் படியுங்கள். பிறகு தானியேல் 9, எஸ்றா 1, முதலாம் பேதுரு. ஆளுக்கு ஒரு அதிகாரம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். 29இன் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பாபிலோனில் இருந்த செமாயா என்பவர் எருசலேமுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டச் சொல்லி எழுதியிருக்கிறானே, இந்த ஆளை இன்னும் ஏன் அடக்கவில்லை என்று. அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.