குடம் போன்றொரு குழி

சென்னையில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை, நள்ளிரவில் மணலில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடிச் சேகரிக்கிறார்கள் மாணவர்கள். 1988 முதல் நடக்கும் பணி இது. எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கும் கைவேலை.

தாய் ஆமை பின்னங்கால்களால் தோண்டும் குழி, கழுத்து குறுகி அடி அகன்ற குடம்போல இருக்கும்; ஆழம் சுமார் ஒன்றரை அடி. அதே வடிவத்தை மனிதக் கை தோண்டவேண்டும். மணலில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, அடிப்பக்கத்தை மெல்ல மெல்லச் சுரண்டி அகலமாக்குகிறார்கள். என்ன பொறுமை! முட்டைகள் நூற்றுக்கு மேலும் இருக்கும். பிங்பாங் பந்தளவு, தோல்போன்ற ஓடு. இட்டுச் சில மணி நேரமானபின் புரண்டால் கரு செத்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஆடாமல் இறக்குகிறார்கள்.

மிச்சத்தை மணலின் சூடு பார்த்துக்கொள்ளும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஏறக்குறைய 45 நாளில் குழியின் மேல்மணல் லேசாக உள்வாங்கும், குஞ்சுகள் மேலேறுகின்றன.

வெளிச்சத்தை நோக்கி நகர்வது குஞ்சுகளின் இயல்பு; கரையில் விளக்கெரிந்தால் கடலை விட்டு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் கடற்கரையில் வீடிருப்பவர்கள், குஞ்சுகள் வெளிவரும் மாதங்களில் வெளிவிளக்கை அணைத்துவையுங்கள்.