தயாரிப்பாளர் திருத்திய வரலாறு: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க எழுத்தாளர் ஹரி ஹரிசன் 1967 இல் வெளியிட்ட அறிவியற் புனைகதையொன்றில், நொடித்துப்போன ஹொலிவூட் நிறுவனத்தைச் சேர்ந்த படத் தயாரிப்பாளன் ஒருவன் கால இயந்திரத்தின் துணையுடன் வைக்கிங் மக்களின் காலத்துக்கே சென்று படம்பிடிக்கிறான். செலவு மிச்சம் என்பதே அவன் கணக்கு. ஈற்றில், வைக்கிங்குகள் வட அமெரிக்காவிற் குடியேறியதே அப்படப்பிடிப்பின் விளைவு என்று தெரியவருகின்றது. நகைச்சுவைக் கதைதான். எனினும் தமிழ்த் திரையுலகில் இக்காரியம் இயந்திரம் எதுவுமின்றியே நிறைவேறியுள்ளது எனலாம்.

பி. ஆர். பந்துலு தயாரித்து நெறிப்படுத்திய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) இதற்குத் தக்க சான்று. மண்கோட்டையாயிருந்த பாஞ்சாலங்குறிச்சியின் போரை அப்படம் ஜெய்ப்பூரிற் படமாக்கியது; அது பெருங்குற்றமன்று. 1798 இல் இராமநாதபுரத்திற் கட்டபொம்மன் ஜாக்சனைச் சந்தித்ததும், கைகலப்பிற் கிளார்க் என்ற அதிகாரி மாண்டதும் உண்மை. ஆனால் அங்கு எழுந்த பிணக்கு திறைப் பாக்கி பற்றியது. நவாபிடமிருந்து திறை தண்டும் உரிமையைக் கம்பனி பெற்றிருந்தது. பாளையக்காரரோ குடியானவரிடமிருந்து அதனைப் பெற்றனர். உழவனின் உபரி எவர் கைக்கு என்பதே வழக்கு. திரையில், உபரியைப் பெறுபவனே உழவனின் வாயாகப் பேசுகிறான். 1960 இல் கெய்ரோவிற் பரிசுபெற்ற சிவாஜி கணேசனின் நடிப்பு அம்முரணை முற்றாக மூடிவிடுகின்றது.

இதனினும் பாரதூரமானது படம் முடியும் இடமாகும். 1799 ஒக்டோபர் 16 இற் கயத்தாற்றுத் தூக்குமரத்துடன் திரை விழுகின்றது. 1801 இற் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிந்த கோட்டையைச் சில நாட்களில் மீள எழுப்பியமையும், மருது சகோதரருடன் இணைந்த பரந்த கிளர்ச்சியும் வெளியே நிற்கின்றன. கம்பனிப் படையதிகாரி வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் வியந்தெழுதியது ஊமைத்துரையைத்தான். பலர் திரண்ட போராட்டம் தள்ளப்பட்டு, ஒருவனின் மரணம் உச்சமாயிற்று.

எட்டப்பனின் நிலையும் இத்தகையதே. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டயபுரத்தார் கம்பனிக்குத் துணைநின்றமை மெய்யே. ஆயினும் இரு பாளையங்களிடையே இருந்த எல்லைப் பகையின் காரணம் மறைந்து, குலப்பெயர் வசைச்சொல்லாகப் பரவியது.

உரும்பிராயிலும் அயற் கிராமங்களிலும் பாடசாலை மேடைகளினூடாகவும் திருவிழா ஒலிபெருக்கிகளினூடாகவும் நாம் அறிந்த கட்டபொம்மன் இப்படத்தின் கட்டபொம்மனே. 1974 ஜூன் 5 இல் உயிர்நீத்த பொன். சிவகுமாரனின் ஊர் இது. அக்காலத்தின் அரசியல் மேடைகளில் மாற்றுக் கருத்தினர் துரோகிகள் எனப்பட்டனர். 'எட்டப்பன்' அதற்கு மறுபெயர். அச்சொற்களின் பின்னே தமிழர் தமிழரைச் சுட்ட வரலாறும் தொடர்ந்தது. இதற்கெல்லாம் படமே காரணம் என வாதிப்பது பேதைமை. கல்வி, காணி, வேலை, அரச ஒடுக்குமுறை ஆகியவற்றிலிருந்தே அவ்வரசியல் பிறந்தது. ஆனால் கருத்து வேறுபாட்டை ஆராய்வதற்குரிய சொற்கள் நம்மிடம் அரிதாயிருந்த வேளையில், தீர்ப்புக்குரிய சொல் திரையிலிருந்து ஆயத்தமாகக் கிடைத்தது. இதனைப் பற்றி நமது விமர்சகர் அதிகம் பேசவில்லை. வசனத்தின் அழகையே பேசினர்.

கயத்தாற்றிற் கட்டபொம்மனுக்குச் சிலை நிறுவியவர் சிவாஜி கணேசனே. பாஞ்சாலங்குறிச்சியில் 1974 இற் தமிழக அரசு புதிய நினைவுக் கோட்டையை எழுப்பியது. பழைய கோட்டையின் அடித்தளம் தொல்லியற் துறையின் பாதுகாப்பில் அதனருகே கிடக்கின்றது.