அசையும் படமும் அசையாத படமும்

புகைப்படக் கலைஞர்களைப் பற்றி வரும் டாக்குமெண்டரிப் படங்களில் அநேகமானவற்றுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. நல்ல போட்டோ ஒன்றைத் திரையில் காட்டுகிறார்கள். காட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? காமிரா அதன்மேல் எறும்பு மாதிரி ஊர்ந்து, மூலையிலிருந்து முகத்துக்குப் போகிறது. பின்னால் புல்லாங்குழல் அழுகிறது. 'என்ன சோகம் பாருங்கள்!' என்று ஒரு குரல் வேறு. கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் பாடகரோடு கூடவே பாடினால் எப்படி இருக்கும் என்பதை, மார்கழியில் மைலாப்பூர்ச் சபாக்களில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு போட்டோவை ஒரு நிமிஷம் பார்ப்பதும், ஒரு மணி நேரம் பார்ப்பதும் பார்க்கிறவனுடைய இஷ்டம். சினிமா அந்த உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிக்கொண்டதற்குப் பதிலாக நமக்கு வேறு எதையாவது தர வேண்டும் அல்லவா? அதைத் தந்த படங்கள் சில உண்டு.

2001-ல் கிறிஸ்டியன் ஃப்ரை என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர், ஜேம்ஸ் நாக்ட்வேயைப் பற்றி 'வார் போட்டோகிராபர்' என்ற படத்தை எடுத்தார். நாக்ட்வேயின் காமிரா மேலேயே ஒரு சின்னஞ்சிறு சினிமாக் காமிராவைப் பொருத்திவிட்டார். விரல் பித்தானை அழுத்துவதையும், அதற்கு எதிரே துக்கத்தில் கதறும் மனிதர்களையும் ஒரே சமயத்தில் பார்க்கிறோம். பிறர் துக்கத்துக்கு இத்தனை அருகில் போகலாமா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த விரலே கேட்கிறது.

விம் வெண்டர்ஸும் ஜூலியானோ சல்காடோவும் சேர்ந்து 2014-ல் எடுத்த 'த சால்ட் ஆஃப் தி எர்த்' இன்னொரு வழியைக் கண்டுபிடித்தது. செபஸ்டியோ சல்காடோ இருட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் விழும் தம் படங்களைப் பார்க்கிறார். காமிரா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவர் பார்வை தம் படத்தின்மீதும் நம்மீதும் ஏக காலத்தில் படுகிறது. இது கெட்டிக்கார உத்திதான். ஆனால் உத்தியாக உறுத்தவில்லை. ருவாண்டாவைப் பற்றிச் சொல்ல வரும்போது அந்தக் கிழவரின் முகத்தையும் நாம் ஒரு போட்டோவைப் போலவே படிக்கிறோம்.

நம் நாட்டுப் படங்களில் எனக்குப் பிடித்தது சபீனா கடியோக் 1998-ல் எடுத்த 'த்ரீ விமன் அண்ட் எ காமிரா'. ஹோமாய் வியாரவல்லாவும், ஷீபா சாச்சி, தயாநிதா சிங் என்ற பிற்காலத்தவர் இருவரும் அதில் வருகிறார்கள். ஹோமாய் அம்மாள் மவுண்ட்பேட்டனையும் நேருவையும் எடுத்தவர். 1970 வாக்கில் காமிராவைக் கீழே வைத்தவர், பிறகு அந்தத் தொழில் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மௌனத்தை ஒரு புகைப்படத்தில் காட்ட முடியாது. எடுத்த படத்தைத்தான் புகைப்படம் காட்டும். எடுக்காமல் விட்டதைக் காட்ட வார்த்தையும் முகமும் நேரமும் வேண்டும். சினிமாவிடம் மூன்றும் இருக்கின்றன.

ரகு ராயைப் பற்றி அவர் மகள் அவனி 2017-ல் எடுத்த படத்திலும் ஓர் அழகு உண்டு. மகள் அப்பாவைப் படம் பிடிக்கிறாள். அப்பாவோ மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தகப்பன்மார்களை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

நான் பார்க்க ஆசைப்படும் படம் ஒன்று உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் குடியிருந்தார். இன்றைக்கு அது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. ஒரு கம்பெனியின் காமிரா உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் தாமே ஒட்டவைத்துக்கொண்டு, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950-லிருந்து 1996-ல் காலமாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதினார். யானைக்கு அவசரம் கிடையாது. கிருஷ்ணனுக்கும் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவரைப் பற்றிய படத்தில் பிரமுகர்கள் வரிசையாக வந்து புகழ வேண்டாம். புதரோரத்தில் ஒரு மனிதர் காத்திருப்பதை இருபது நிமிஷம் அப்படியே காட்டட்டும். யானை வந்தால் வரட்டும். புல்லாங்குழல் மட்டும் வேண்டாம்.