பதிலுக்குக் காத்திராத கேள்வி

ஊரடங்குக் காலத்தில் வேறு வழியின்றி வந்த பழக்கம் இன்று விரும்பித் தேர்ந்தெடுக்கும் முறையாகிவிட்டது. பாடகர் தன் வீட்டில் பாடிப் பதிகிறார். அந்தக் கோப்பு வயலின்காரருக்குப் போகிறது. கடைசியில் மிருதங்கம் வந்து சேர்கிறது. சினிமாப் பாட்டு நெடுங்காலமாக இப்படித்தானே பதிவாகிறது என்று இதற்கு வாதாடுகிறார்கள். அந்த வாதம் கர்நாடக இசைக்குப் பொருந்தாது.

இப்படித் தனித்தனியாகப் பதிந்து அடுக்க உதவும் மல்ட்டிட்ராக் ரெக்கார்டர் என்ற கருவியில் குறையில்லை. 1979இல் டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ கேசட்டில் நான்கு ட்ராக் தந்தது. இன்று அதைவிட மலிவான கருவியில் எட்டு கிடைக்கிறது. 24 பிட் பதிவில் நாடா இரைச்சல் கிடையாது. உச்ச ஒலியை மைனஸ் 12 டெசிபலில் நிறுத்தினாலும் நுணுக்கம் கெடாது. தனியாகச் சாதகம் செய்பவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

ஆனால் வாங்குபவர் கண் ட்ராக் எண்ணிக்கையில்தான் விழுகிறது. டாஸ்கம் டிபி-008இஎக்ஸில் எட்டு ட்ராக் உண்டு. ஒரே நேரத்தில் பதியக்கூடியவை இரண்டுதான். ஜூம் ஆர்8-இலும் இதே கணக்கு. ஆளுக்கொரு மைக் வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராகத்தான் பதிந்தாக வேண்டும். இசை எப்படி நிகழ வேண்டும் என்பது கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

இப்படி அடுக்கும்போது மிருதங்கக்காரர் கேட்பது முடிந்துபோன பாட்டை. அவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அது பாடகரைப் போய்ச் சேராது. நேரில் சேர்ந்து வாசித்தால், நிரவலில் குரல் மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது மிருதங்கம் அடங்கிக் கொடுத்தால் பாடகர் இன்னும் ஓர் ஆவர்த்தனம் அங்கேயே நிற்பார். வலந்தலையில் ஒரு சாப்பு எதிர்பாராத இடத்தில் விழுந்தால் அடுத்து வரும் ஸ்வரக் கோவையே மாறும். தனித்தனியாகப் பதியும்போது கல்பனாஸ்வரத்தில் நிலைமை இன்னும் மோசம். வயலினுக்கு எத்தனை ஆவர்த்தனம் விடுவது என்று பாடகர் முன்பே எண்ணி இடம் விடுகிறார். பதிலைக் கேட்காமலே அடுத்த கேள்வியைப் பாடிவிடுகிறார். மூவரையும் கட்டிவைக்க ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் வேறு. கார்வையில் நின்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சமத்தில் வந்து இறங்கும் இன்பம் அதில் எங்கிருந்து வரும்?

சினிமாப் பாட்டில் யார் எங்கே என்ன வாசிப்பது என்பதை இசையமைப்பாளர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். கச்சேரியில் அந்த முடிவுகள் பாடும்போதே பிறக்கின்றன. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வீட்டிலேயே நான்கு ட்ராக்கில் ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தைப் பதிந்ததையும் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர் தனியாள். அவரும் குரலையும் கிட்டாரையும் ஒருசேரப் பாடி வாசித்து இரண்டு ட்ராக்கில் எடுத்த பிறகுதான் மற்றவற்றைச் சேர்த்தார்.

சேர்ந்து உட்கார்ந்தால் மிருதங்க ஒலி குரல் மைக்கில் புகுந்துவிடும் என்பார்கள். கார்டியாய்டு மைக்கின் பின்புறம் மிகக் குறைவாகவே கேட்கும். அந்தப் பக்கம் மிருதங்கம் இருக்கும்படி அமர்ந்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். மிச்சம் புகுவது புகட்டும், ஒரே அறையில் மூவர் இருந்ததற்கு அடையாளம் அது. உண்மையான காரணம் வேறு: பயம். பிசகிய சங்கதியைப் பஞ்ச்-இன் செய்து, அதாவது அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிந்து, மாற்ற முடியாதே என்ற பயம். பிசகையும் தாங்கிக்கொண்டு பாட்டை மேலே கொண்டுபோகத் தெரிந்தவரைத்தான் நாம் வித்வான் என்று கொண்டாடி வந்திருக்கிறோம்.

கையில் காசிருந்தால் எட்டு மைக்கை ஒருசேரப் பதியும் ஜூம் ஆர்20 போன்றதை வாங்கலாம். நான்கு மைக்கே போதும்: குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று. இல்லையென்றால் அந்த இரண்டு இன்புட் கருவியே போதும். மூவருக்கும் எதிரே ஒரு ஜோடி மைக்கை நிறுத்தி, பாட ஆரம்பிக்கலாம். குரல் அமுங்கினால் பாடகர் ஓரடி முன்னால் நகர்ந்து உட்காரட்டும்.