டோனி ஆருடம்: கணக்கு தோற்கும் இடம்

பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதை இனி யூகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே போதும் என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளில் நாடக எழுத்தின் பொதுப்புத்தி ஆகிவிட்டது. மே மாதம் பரிந்துரைகள் வெளியானதும் அட்டவணைகள் வந்துவிடுகின்றன. டிராமா டெஸ்க் யாருக்குப் போனது, அவுட்டர் கிரிட்டிக்ஸ் சர்க்கிள் யாருக்குப் போனது, எந்த நாடகத்துக்கு எத்தனை பரிந்துரை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் ஜூன் மாதத்து வெற்றியாளர் கிடைத்துவிடுவார் என்கிறார்கள். இதனுடன் ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு: சிறந்த இசை நாடக விருது எப்போதும் பணத்தின் பக்கமே சாயும், நியூயார்க்குக்கு வெளியே ஊர் ஊராகச் சென்று அரங்கை நிரப்பக்கூடிய நாடகமே வெல்லும் என்பது அது. இரண்டுமே தவறு. டோனியின் வரலாற்றைப் பொறுமையாகப் படித்தவர் எவரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. இந்தத் தவறு விமர்சனத்துக்குச் செய்திருக்கும் தீங்கு பெரிது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். ஆன்டோனெட் பெர்ரியின் நினைவாக அமெரிக்கன் தியேட்டர் விங் 1947இல் தொடங்கிய விருது, ஏறக்குறைய ஒரு குடும்ப விருந்தாகவே இருந்தது. சிறந்த இசை நாடகம் என்ற பிரிவே 1949இல்தான் வந்தது. முதலில் வென்றது 'கிஸ் மீ, கேட்'. 1958இல் 'தி மியூசிக் மேன்' வென்றது, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' தோற்றது. 1960இல் 'ஃபியோரெல்லோ!', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இரண்டும் விருதைப் பகிர்ந்துகொண்டன. இவற்றை யாரும் முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்திருக்கவில்லை. 1967இல் விழா நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகுதான் பிராட்வேக்கு வெளியே இருப்பவர்களுக்கும் யார் வெல்வார் என்பது ஒரு கேள்வியாயிற்று.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் சரியான வழியைக் காட்டியவர், இன்றைய ஆருடக்காரர்கள் அபூர்வமாகவே நினைவுகூரும் வில்லியம் கோல்ட்மேன். திரைக்கதையாசிரியராகத்தான் உலகம் அவரை அறியும். ஆனால் 1967-68 பருவத்தில் பிராட்வேக்கு வந்த நாடகங்களை எல்லாம் பார்த்து அவர் எழுதி, 1969இல் வெளியான 'தி சீசன்' என்ற நூல்தான் இந்தத் துறையின் உண்மையான தொடக்கம். அதில் மதிப்பெண் பட்டியல் இல்லை. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் யார், மொத்தமாக டிக்கெட் வாங்கி விற்பவர் யார், விமர்சகருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, தயாரிப்பாளர் எதற்கு அஞ்சுகிறார் என்று ஒவ்வொரு கையையும் பிடித்துப் பார்க்கிறார். மனிதர்களைப் பார்த்து அதன் பிறகு முடிவுகளைப் பார்ப்பது அவர் முறை. அவர் ஆராய்ந்த அதே பருவத்தின் முடிவில் 1968 ஏப்ரலில் சிறந்த இசை நாடகமாகத் தேர்வானது 'ஹல்லலூயா, பேபி!'. அது ஜனவரியிலேயே திரை இறக்கிவிட்ட நாடகம். ஓடாத நாடகத்துக்கு விருது கொடுத்து எந்த முதலாளியும் ஒரு டிக்கெட்டையும் விற்க முடியாது. பணத்தின் பக்கம் சாயும் என்ற சூத்திரம் பிறப்பதற்கு முன்பே பொய்யாகியிருந்தது.

பிறகு ஏன் அந்தச் சூத்திரம் இவ்வளவு வலுப்பெற்றது? காரணம் எண்பதுகள். லண்டனிலிருந்து வந்திறங்கிய பிரம்மாண்டங்கள் பிராட்வேயின் பொருளாதாரத்தையே மாற்றின. 1984இல் 'லா காஜ் ஓ ஃபோல்' வெல்ல, இசையமைப்பாளர் சோண்டைமின் 'சண்டே இன் தி பார்க் வித் ஜார்ஜ்' அரங்க அமைப்பு, ஒளியமைப்பு ஆகிய இரண்டு விருதுகளோடு திரும்பியது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் கிடைத்தது. 1988இல் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' வென்றது. அதே இரவில் கதைக்கும் பாடல்களுக்குமான விருதுகள் சோண்டைம், ஜேம்ஸ் லபைன் இருவரின் 'இன்டு தி வுட்ஸ்' நாடகத்துக்குப் போயின. கதையும் பாடலும் இல்லாத இசை நாடகம் எது? வாக்காளர்களுக்குள்ளேயே இரண்டு மனம் இருந்ததை அந்த முடிவு அப்பட்டமாகக் காட்டியது. ஆனால் எழுதியவர்கள் அதை அப்படிப் படிக்கவில்லை. வாக்காளர்களில் பெரும் பங்கு பிராட்வே லீகைச் சேர்ந்தவர்கள், தயாரிப்பாளர்களும் அரங்க முதலாளிகளும் வெளியூர்களில் நாடகங்களை வரவழைத்து நடத்துபவர்களும்; அவர்கள் தங்கள் பைக்கு வாக்களிக்கிறார்கள் என்று எழுதிவிட்டு நிம்மதியானார்கள்.

1994இல் அந்த நிம்மதி குலைந்திருக்க வேண்டும். டிஸ்னியின் முதல் பிராட்வே படைப்பான 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' ஒரு பக்கம். அழகில்லாத, நோயாளியான ஒரு பெண்ணின் விடாப்பிடியான காதலைப் பற்றிய, இடைவேளையே இல்லாத சோண்டைமின் 'பேஷன்' மறுபக்கம். வென்றது 'பேஷன்'. அது 280 காட்சிகளோடு முடிந்தது. டிஸ்னியின் நாடகம் ஆடையமைப்புக்கான ஒரே விருதை எடுத்துக்கொண்டு 5,461 காட்சிகள் ஓடியது. விருதுக்கும் வசூலுக்கும் இடையே இதைவிட அகலமான பள்ளம் இருக்க முடியாது.

2004தான் இந்த வரலாற்றின் உச்சம் என்று நான் கருதுகிறேன். 10 பரிந்துரைகளோடு நின்ற 'விக்கட்' ஏற்கெனவே அலை வீசத் தொடங்கியிருந்தது. அதன் முதலீடு ஒன்றேகால் கோடி டாலரையும் தாண்டியது. எதிரில், அதில் நான்கில் ஒரு பங்குப் பணத்தில், கைப்பொம்மைகளை வைத்து வேலையில்லாத இளைஞர்களின் கதையைச் சொன்ன 'அவென்யூ க்யூ'. மூன்றாவதாக, டோனி குஷ்னரும் ஜெனீன் டெசோரியும் செய்த 'கரோலைன், ஆர் சேஞ்ச்'. மூன்றில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. 'அவென்யூ க்யூ' குழுவினர் அந்த ஆண்டின் அதிபர் தேர்தலை ஒத்த ஒரு பிரச்சாரத்தையே நடத்தினார்கள். உங்கள் மனம் சொல்வதற்கு வாக்களியுங்கள் என்பதே அதன் முழக்கம். விளம்பர உத்திதான் என்றாலும் அது வாக்காளரின் இரண்டாவது மனத்தை நேராகத் தொட்டது. கதை, பாடல், சிறந்த இசை நாடகம் மூன்றும் அதற்கே கிடைத்தன. விருது வாங்கிய கையோடு தயாரிப்பாளர்கள் ஊர் ஊராகப் போகாமல் லாஸ் வேகஸில் ஓர் அரங்கில் நிலைகொள்ளப் போவதாக அறிவிக்க, வெளியூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

அதே பருவத்தில்தான் ஏ. ஆர். ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' பிராட்வேக்கு வந்தது. நடன அமைப்பு, ஆடையமைப்பு, இசைக்கோப்பு ஆகிய மூன்றுக்குப் பரிந்துரை கிடைத்தது. பாடல்களுக்கான பட்டியலில் ரஹ்மான் பெயர் இல்லை. ஒன்றையும் வெல்லாமல் 2005 புத்தாண்டு நாளில் நாடகம் முடிந்தது. மேடைக்கதை பலவீனமானதுதான். ஆனால் அந்த மெட்டுகளை ஒரு பரிந்துரைக்குக்கூடத் தகுதியற்றவையாகக் கருதிய குழுவின் செவியை நான் ஏற்கவில்லை.

பணக் கோட்பாட்டுக்காரர்கள் உடனே நீட்டும் சான்று 2013. விமர்சகர்கள் கொண்டாடிய, லண்டனிலிருந்து வந்த 'மடில்டா'வைத் தாண்டி 'கின்கி பூட்ஸ்' வென்றது. ஒப்புக்கொள்கிறேன், அந்த ஆண்டு அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் என்ன நடந்தது? 2015இல் கெர்ஷ்வின் பாடல்களும் பாலே நடனமுமாக எல்லா ஊருக்கும் ஏற்ற 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' நின்றது. தன்பால் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்து மாண்ட தந்தையை மகள் நினைத்துப் பார்க்கும் 'ஃபன் ஹோம்' அதை வென்றது. இரண்டுக்கும் சமமாக 12 பரிந்துரைகள். எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை; பார்த்தவர்களின் தொண்டை அடைத்ததுதான் சொன்னது. அதன் பாடல்களைச் செய்த டெசோரியும் லிசா கிரானும் சிறந்த பாடல்களுக்கான விருதை வென்ற முதல் பெண்கள் கூட்டணி ஆனார்கள்.

2018 இன்னும் கடுமையான பாடம். 'மீன் கேர்ல்ஸ்' 12 பரிந்துரைகளோடு வந்து ஒரு விருதும் இல்லாமல் போனது. டிஸ்னியின் 'ஃப்ரோசன்' மூன்று பரிந்துரைகளோடு வெறுங்கையாகத் திரும்பியது. எகிப்திய போலீஸ் இசைக்குழு ஒன்று வழி தவறி இஸ்ரேலியப் பாலைவனத்து ஊரில் ஓர் இரவைக் கழிக்கும் 'தி பேண்ட்ஸ் விசிட்' 11 பரிந்துரைகளில் 10ஐ வென்றது. மேடையில் பெரிதாக எதுவுமே நடக்காத நாடகம். அதன் அமைதியை எந்த அட்டவணையின் கட்டத்தில் எழுதுவது?

முன்னோடி விருதுகளைக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு வருகிறேன். டிராமா டெஸ்க், நியூயார்க் விமர்சகர் வட்டம் போன்றவை பிராட்வேக்கு வெளியே உள்ள சிறு அரங்குகளையும் கணக்கில் எடுப்பவை. டோனியோ 500 இருக்கைகளுக்குக் குறையாத 41 பிராட்வே அரங்குகளை மட்டும் பார்ப்பது. 'ஹாமில்டன்' பிராட்வேக்கு வெளியே பப்ளிக் தியேட்டரில் நடந்தபோதே 2015இன் டிராமா டெஸ்க் விருதை வாங்கிவிட்டது; டோனி கிடைத்தது 2016இல். ஆகவே 2015இல் 'ஃபன் ஹோம்' வெல்லுமா என்று கேட்டவருக்கு டிராமா டெஸ்க் ஒரு பதிலையும் தரவில்லை. 2023 முதல் டிராமா டெஸ்க் ஆண், பெண் என்ற பிரிவை நீக்கி ஒவ்வொரு நடிப்புப் பிரிவிலும் இருவருக்கு விருது தருகிறது. டோனி பழைய பிரிவினையிலேயே நிற்கிறது. அளவுகோலே மாறிவிட்டபின் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

லண்டன் ஆலிவியர் விருதை வழிகாட்டியாகக் கொள்பவர்களுக்கு 'லைஃப் ஆஃப் பை' ஒன்று போதும். புதுச்சேரியில் தொடங்கும் அந்தக் கதையின் பையாக நடித்த, இலங்கையில் பிறந்த ஹிரன் அபேசேகரவுக்கு 2022இல் ஆலிவியர் கிடைத்தது. புலியை இயக்கிய ஏழு பொம்மலாட்டக் கலைஞர்களுக்கும் கூட்டாகத் துணை நடிகர் விருதைக் கொடுத்தார்கள். உயிரில்லாத ஒன்றுக்கு மூச்சு கொடுப்பதும் நடிப்புதான் என்று ஒரு விருதுக் குழு அறிவித்தது நாடகக் கலைக்கே கௌரவம். அடுத்த ஆண்டு பிராட்வேயில் அரங்கம், ஒளி, ஒலி ஆகிய மூன்றுக்கு டோனி கிடைத்தது. ஹிரனுக்குப் பரிந்துரைகூட இல்லை. புலிக்குள் இருந்தவர்களுக்கும் இல்லை.

பெருந்தொற்றுக் காலம் வேறு விதமான பாடம். 2020 பிப்ரவரி 19க்குள் தொடங்கியவை மட்டும் தகுதி பெற்றன. விழா 2021 செப்டம்பரில்தான் நடந்தது. இசை நாடக நாயகர் பிரிவில் ஆரன் ட்வேட் ஒருவரே பரிந்துரைக்கப்பட்டார். சிறந்த இசை நாடகத்துக்குப் பரிந்துரை பெற்றவை அனைத்தும் பழைய பாடல்களைத் தொகுத்தவை; பாடல்களுக்கான பிரிவு முழுவதும் பேச்சு நாடகங்களின் இசையால் நிரம்பியது. 12 பரிந்துரைகள் பெற்ற 'ஸ்லேவ் ப்ளே' ஒன்றையும் வெல்லவில்லை. இதையும் கணக்கில் சேர்த்து அடுத்த ஆண்டைக் கணிப்பது எந்த வகை அறிவியல்?

இவை எல்லாவற்றிலிருந்தும் எனக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி வாக்காளர்தான். எண்ணூற்றுச் சொச்சம் பேர். நடிகர் சங்கம், நாடகாசிரியர் சங்கம், இயக்குநர் சங்கம், வடிவமைப்பாளர் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவினரும் அவர்களில் உண்டு. தங்களுக்குத் தெரியாத கலையை மதிப்பிட வேண்டிய நிலையில் இவர்கள் தடுமாறுவார்கள். ஒலியமைப்பை எப்படி மதிப்பிடுவது என்று வாக்காளர் பலருக்குத் தெரியவில்லை என்ற பேச்சுக்கிடையே அந்த விருதையே 2014இல் நிறுத்தி, கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பின் 2017-18 பருவத்தில் மீட்டார்கள். 2009இல் பத்திரிகை விமர்சகர்களின் வாக்குரிமையைப் பறித்ததும், ஓராண்டுக்குப் பின் நியூயார்க் விமர்சகர் வட்டத்தாருக்கு மட்டும் திருப்பித் தந்ததும் அட்டவணைக்காரர்கள் கண்ணில் படவே இல்லை. யார் வாக்களிக்கிறார்கள் என்பதே மாறிய ஆண்டுகள் அவை. 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர்கள் சில ஆண்டுகளில் வாக்காளர்களையே தேடிப்பிடித்துக் கேட்டு எழுதினார்கள். கோல்ட்மேனின் வழி அதுதான்.

அண்மை ஆண்டுகளைப் பாருங்கள். 2022இல் கறுப்பின, தன்பால் ஈர்ப்புள்ள எழுத்தாளன் ஒருவனின் மனக்குகைக்குள் நடக்கும் 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்', மைக்கேல் ஜாக்சன் பாடல்களால் அரங்கை நிரப்பிய 'எம்ஜே'வை வென்றது. 2023இல் விரைந்து மூப்படையும் நோயுள்ள சிறுமியின் கதையான 'கிம்பர்லி அகிம்போ', 13 பரிந்துரைகளோடு வந்த 'சம் லைக் இட் ஹாட்'டை வென்றது. 2025இல் கைவிடப்பட்ட இரண்டு இயந்திர மனிதர்களின் காதலைச் சொல்லும், சியோலில் பிறந்த 'மேபி ஹேப்பி எண்டிங்' ஆறு விருதுகளை வாங்கியது. தன் துயரத்தைக் கூச்சமில்லாமல் பாடும் சிறிய நாடகங்கள் இவை. இந்தத் திசையை அறிய இருக்கையில் அமர்ந்து பார்த்தவரால்தான் முடியும். வாக்காளரும் அதே இருளில்தான் அமர்ந்து அழுதார்.

இன்றைய ஆருடம் எது வெல்லும் என்று மட்டும் கேட்கிறது. எது வெல்ல வேண்டும் என்று கேட்பதை அது சிறுபிள்ளைத்தனமாகப் பார்க்கிறது. பழைய நாளிதழ் விமர்சகர்கள் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினார்கள். முதலாவது தவறினாலும் இரண்டாவது நின்றது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யும் 'சண்டே இன் தி பார்க்'கும் 'கரோலைன்'உம் இன்று மீண்டும் மீண்டும் மேடையேறுவது அந்த இரண்டாவது வகை எழுத்தின் வெற்றி. இளம் விமர்சகர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் பட்டியலை வெளியிடுங்கள், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த நாடகத்தில் நீங்கள் கண்டதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.

டோனி நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. அவர்கள் வாக்கு எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. 1988இல் 'இன்டு தி வுட்ஸ்' எத்தனை வாக்கில் தோற்றது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை. கால் நூற்றாண்டு கடந்த எண்ணிக்கைகளையாவது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.