மே மாதத்தில் பிள்ளையை யார் பார்ப்பது?

கோடை விடுமுறை விட்டதும் முகாம் விளம்பரங்கள் வரத் தொடங்குகின்றன: நீச்சல், ஓவியம், சதுரங்கம். பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான். அதற்கும் கட்டணம் உண்டு. விடிந்ததும் மரவள்ளிக் காட்டுக்குக் களையெடுக்கப் போகிறவளுக்கும், கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவளுக்கும் இவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தைப் படிப்பு சொல்லித்தரும் இடமாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். உழைக்கும் பெண்ணுக்கு அது பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சோறும் போடும் இடம். 1982இல் விரிவான சத்துணவும் 2022இல் வந்த காலை உணவும் அவளுடைய அடுப்படிச் சுமையைக் கொஞ்சம் குறைத்தன. பள்ளியைப் பூட்டும் நாளில் காவலும் சோறும் சேர்ந்தே நின்றுபோகின்றன. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. வறட்சி இல்லாத ஊரிலும் மே மாதம் பிள்ளைக்குப் பசிக்கத்தான் செய்கிறது.

கல்வராயன் மலையில் இது இன்னும் கடுமை. அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பிள்ளைகளை இரவிலும் வைத்துக்கொள்கின்றன. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பல, கூலிவேலைக்குக் கேரளம், கர்நாடகம் என்று போகின்றன. பிள்ளை விடுதியில் இருந்தால்தான் தாயும் போக முடியும். விடுதி மூடினால் வேலையை விட்டு ஊர் திரும்ப வேண்டும், அல்லது பிள்ளையை வேலையிடத்துக்கே கூட்டிப்போக வேண்டும், இல்லையென்றால் ஆயாவிடம் விட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் பாட்டியையும் ஆயா என்பார்கள், பால்வாடி உதவியாளரையும் ஆயா என்பார்கள். இருவர் செய்வதும் ஒரே வேலை, சம்பளம் ஒருவருக்குத்தான். ‘வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களே’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெரியவளும் நூறுநாள் வேலைக்குப் போகிறவள், மூட்டுவலியோடு ஆடு மேய்க்கிறவள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டங்கள் என்ன சொல்கின்றன? முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அங்கன்வாடியும் ஆறு வயதோடு முடிகிறது. ஆறிலிருந்து பதினான்கு வரை கல்வி உரிமைச் சட்டம், அதாவது பள்ளி. பள்ளி இல்லாத நாளில் ஏழு வயதுப் பிள்ளை எங்கே இருக்கும்? வீட்டில் அம்மா இருப்பாள் என்பதே சொல்லாமல் விடப்பட்ட பதில்.

விடுமுறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சட்டம் ஒன்று உண்டு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத்துக்கும், அபாயமற்ற குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையின் விடுமுறை இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு உழைப்புக்கான நேரமாகவே படுகிறது. வீட்டில் அந்த ‘உதவி’ யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு உலை வைக்கும் பத்து வயது அக்காவை யாரும் தொழிலாளி என்று எண்ணுவதில்லை. ‘பொறுப்பான பொண்ணு’ என்று பாராட்டுகிறோம். அண்ணன் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடுகிறான்.

அப்பாவின் பெயர் இந்தப் பேச்சில் எங்குமே வராததைக் கவனியுங்கள். தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி 2019இல், வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 76 நிமிடம். வீட்டு வேலையில் இடைவெளி இன்னும் பெரிது: 299 நிமிடமும் 97 நிமிடமும்.

ஸ்வீடனில் பெற்றோர் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு 13 வயதுவரை, விடுமுறை நாட்களிலும், பராமரிப்பு தருவது உள்ளாட்சியின் கடமை. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடத் தேவையில்லை. பள்ளிக் கட்டடமும் சத்துணவுக் கூடமும் இங்கே நம் ஊர்களிலேயே இருக்கின்றன. மே மாதம் பூட்டிக் கிடக்கின்றன. 2021இல் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே பிள்ளைகளை மாலைதோறும் கூட்ட முடியும் என்று காட்டியது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு பெண்ணின் சுமையை இறக்க இன்னொரு பெண்ணை மலிவாக வேலை வாங்குவது தீர்வாகாது.

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். விடுமுறையிலும் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பள்ளி திறந்திருக்க வேண்டும். அங்கே பாடம் வேண்டாம். நிழலும் விளையாட்டும் மதியச் சோறும் போதும். பார்த்துக்கொள்பவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, முறையான கூலி வேண்டும். மலையில் பெற்றோர் திரும்பும்வரை விடுதி திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பத்து வயது அக்காவும் தம்பியை இறக்கிவிட்டு விளையாடப் போவாள்.